குணாளனிடம் ஒரு வார்த்தை

ஜெலுத்தோங், பினாங்கு
16.2.2025

அன்புத் தம்பி யுகாவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கத் தேவையில்லை. தினமும் காலையில் லிங்க்ட்இனில் உன் சிரித்த முகத்தைப் பார்த்துவிடுகிறோம். அம்மாவுக்குத்தான் ஒரு குறை. "புள்ள எளச்சுட்டான், கோட்டு தொளதொளன்னு இருக்கு" என்கிறார். தைப்பூசத்துக்கு வருவாய் என்று இரண்டு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் சொன்னதாகச் சொல்லாதே.

இதை ஏன் மின்னஞ்சலில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். குடும்பக் குழுவில் எழுதினால் அம்மாவும் சித்தியும் படித்து, ஈப்போவில் இருக்கும் மாமா வரைக்கும் சேதி போய்விடும். தனியாக வாட்ஸ்அப்பில் எழுதினாலோ நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். கட்டைவிரலோடு நான் எத்தனை நாள் பேசுவது? அதனால்தான் உட்கார்ந்து கடிதமாகவே எழுதுகிறேன். நீயும் கடிதமாகவே பதில் போடு.

நீ போகச் சொன்ன கூட்டத்துக்கு நேற்றுப் போனேன். அதுதான், கர்னி பக்கம் ஹோட்டலில் நடந்த 'தொழில்முறைத் தொடர்பு வளர்க்கும் மாலை'. என் கூடவே வேலை பார்த்து, என் கூடவே டிசம்பரில் வேலையை இழந்த ரோஹானாவையும் அழைத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே ஒரு ஸ்டிக்கரைக் கொடுத்து, பெயரை எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பெயருக்குக் கீழே 'நான் உங்களுக்கு எப்படி உதவலாம்' என்று ஒரு வரி எழுத வேண்டுமாம். தம்பி, நான் வேலை போனவள். உதவி கேட்டுத்தானே அங்கே போனேன்? நான் ஒன்றும் எழுதாமல் உள்ளே போனேன். அதற்கே அந்தப் பெண் முறைத்தாள்.

உள்ளே போனால் கூட்டம் நிறைய. ஒவ்வொருவரும் கையில் அட்டையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். விசாரித்தால் எல்லோரும் எங்களைப் போலத்தான். ஒரு கம்பெனிக்காரர்கூட வரவில்லை! வேலை இல்லாத நாங்கள், வேலை இல்லாத மற்றவர்களுக்கு அட்டை கொடுத்துக்கொண்டு நின்றோம். ஒரே ஒருவருக்கு வேலை இருந்தது. அவர் இன்சூரன்ஸ் விற்கிறவர். எனக்கு வேலை போய்விட்டது என்று கேட்டதும், அப்படியென்றால் பாலிசி அவசியம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அங்கே உருப்படியாக ஒரு காரியம் செய்தது ரோஹானாதான். கறிபாப் பலகாரம் சூடாக இருந்தது. அம்மாவுக்கு இரண்டை டிஷ்யூவில் மடித்து எடுத்து வந்துவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்கரையில் பாகான் டாலாமில் இருந்த குணாளனை மறந்திருக்க மாட்டாய். பாலிடெக்னிக்கில் உன்னோடு படித்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்ரிப் படகு ஏறி வந்து நம் வீட்டு மீன்கறியைச் சாப்பிட்டுப் போனவன். பத்து காவான் ஊரில் மருத்துவச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இப்போது பெரிய ஆளாக இருக்கிறானாம். அங்கே கொள்முதல் பிரிவுக்குத் தலைமை ஆள் எடுக்கிறார்கள். அது என் வேலை, யுகா. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

நீ குணாளனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேலை வாங்கித் தரச் சொல்லவில்லை. 'அக்கா விண்ணப்பம் போடுறாங்க, திறந்து பாரு' என்று சொன்னால் போதும். இதுவரை போட்ட விண்ணப்பங்களை எல்லாம் மனிதர் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அனுப்பிய சூட்டிலேயே 'வருந்துகிறோம்' என்று பதில் வருகிறது. நாற்பத்தேழு வயதில் இப்படி ஒரு மெஷினிடம் தோற்றுக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதைவிடப் பயம் ஒன்று இருக்கிறது. நேற்று மதியம் தூங்கிவிட்டேன். இதே பழகிப்போகுமோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு வார்த்தைதான். சொல்வாய் அல்லவா?

உன் அக்கா
மோகனா


சிங்கப்பூர்
20.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். கோட்டு வாடகைக் கோட்டு, அதனால் அப்படி இருக்கிறது.

ஒரு கூட்டத்தை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். என் சனிக்கிழமை வகுப்பில் நான் முதலில் சொல்வதே இதுதான்: வேலை கேட்காதீர்கள், ஆலோசனை கேளுங்கள். வேலை கேட்டால் மனிதர்கள் ஒதுங்குவார்கள், ஆலோசனை கேட்டால் உட்கார்ந்து பேசுவார்கள். நீங்கள் அந்த ஸ்டிக்கரில் ஏதாவது எழுதியிருக்கலாம் அக்கா.

குணாளன் விஷயம். அவனை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால்தான் தயங்குகிறேன். ஊருக்கெல்லாம் முறையாக வேலை தேடச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். சொந்த அக்காவுக்கு நானே போய்ப் பரிந்து பேசினால் நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள்? உங்கள் மதிப்பும் அல்லவா குறையும்? நீங்கள் உங்கள் திறமையில்தான் உள்ளே போனீர்கள் என்று இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. குணாளன் லிங்க்ட்இனில் நிறைய எழுதுகிறான். முதல் இரண்டு வாரம் அவன் பதிவுகளுக்கு லைக் மட்டும் போடுங்கள். அடுத்த இரண்டு வாரம் சின்னச் சின்னக் கருத்துகள் எழுதுங்கள். ஆறாவது வாரம் வாக்கில், உங்கள் துறையைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஒரு காபிக்குக் கூப்பிடுங்கள். அவசரப்பட்டு நேராக விண்ணப்பம் என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் முகப்புப் படத்தையும் மாற்றுங்கள். அதில் பின்னால் அம்மாவின் துணிக்கொடி தெரிகிறது.

அவனாக என்னைக் கேட்டால் நான் பேசாமலா இருப்பேன்? தைரியமாக இருங்கள்.

அன்புத் தம்பி
யுகேந்திரன்


ஜெலுத்தோங்
13.4.2025

அன்புத் தம்பிக்கு,

விடிந்தால் சித்திரை முதல் நாள். உனக்குப் புத்தாண்டு வாழ்த்து. அம்மா பாயாசத்துக்கு ஜவ்வரிசி ஊறவைத்துவிட்டு, நீ வர மாட்டாய் என்று தெரிந்தும் உனக்கும் சேர்த்து அளந்திருக்கிறார்.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். துணிக்கொடியை மறைத்துப் படம் எடுத்தேன். குணாளன் பதிவுகளுக்கு லைக் போட்டேன். அப்பப்பா, என்ன பதிவுகள்! சைக்கிள் ஓட்டுகிற படம், சைக்கிளை நிறுத்திவைத்த படம், சைக்கிள் இல்லாமல் தான் மட்டும் நிற்கிற படம். ஒவ்வொன்றுக்கும் கீழே தலைமைப் பண்பைப் பற்றி நாலு பத்தி. நான் எல்லாவற்றுக்கும் லைக் போட்டு, 'அருமை', 'சிந்திக்க வைத்தது' என்று எழுதினேன். எனக்கே என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. ஒருநாள் அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாருடி அது? தெனமும் அவனுக்கே லைக் போடுற?" என்று சந்தேகமாகக் கேட்டார். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு பெயர்.

ஐந்தாவது வாரம், லிட்டில் இந்தியாவுக்கு வெற்றிலை வாங்கப் போனேன். குவீன் ஸ்திரீட்டில் பூக்கடை வாசலில் குணாளனே நிற்கிறான், மனைவியோடு.

"அக்கா! நீங்கதானா அந்த மோகனா? தெனம் லைக் போடுறது வேற யாரோன்னுல நெனச்சேன். என்னக்கா இது, ஒரு போன் போட்டிருக்கலாம்லா?" என்றான்.

"உன் கூட்டாளிதான் ஆறு வாரம் பொறுக்கச் சொன்னான்" என்றேன்.

"ஆறு வாரமா? விண்ணப்பம் இந்த வெள்ளிக்கிழமையோட முடியுதுக்கா! வீட்டுக்குப் போன ஒடனே அனுப்புங்க. எனக்குச் சோறு போட்டவங்க, எங்கிட்ட கேக்க என்னா வெக்கம்?"

நடுத்தெருவில் நின்று, என் விண்ணப்பத்தைத் திறந்து பார் என்று நானே கேட்டேன். வெற்றிலை வாங்காமலே வீட்டுக்கு வந்து அனுப்பினேன். உன் பேச்சைக் கேட்டுக் காபிக்குக் காத்திருந்திருந்தால் அந்த வேலையில் வேறு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். இதற்காக உன்னைத் திட்ட வேண்டும். ஆனால் மனசு நன்றாக இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

ஏனென்றால் இரண்டு நேர்காணல் முடிந்துவிட்டது! குணாளனுக்கு மேலே இருப்பவர் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். நான் வாய் ஓயாமல் பேசினேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒருவர் என் வேலையைப் பற்றி என்னைக் கேட்கிறார்! வெளியே வரும்போது பழைய மோகனா திரும்பி வந்த மாதிரி இருந்தது.

இப்போது நானும் கோலாலம்பூர்க்காரர் ஒருவரும்தான் பாக்கி. எங்களைத் தெரிந்தவர்களிடம் பேசிப் பார்த்து முடிவு செய்வார்களாம். நீ என் தம்பி என்று குணாளன் சொன்னதும், அந்தப் பெண்மணி உன் பேச்சுகளைக் கேட்டிருக்கிறாராம், உன்னிடமும் பேச வேண்டும் என்றாராம். 'ஆளை எடைபோடத் தெரிந்தவர்' என்று உன்னைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு எனக்கே பெருமையாக இருந்தது.

உன்னைக் கூப்பிடுவார்கள். பேசு, யுகா.

உன் அக்கா
மோகனா


சிங்கப்பூர்
25.4.2025

அன்புள்ள அக்கா,

இன்று குணாளனும் அந்த மேலாளரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். பேசினேன். குணாளன் பழைய கதையெல்லாம் எடுத்தான், ஒரே சிரிப்பு. எல்லாம் நல்லபடியாகப் போனது. கவலைப்படாதீர்கள். அம்மாவுக்கு நல்ல செய்தி சொல்லத் தயாராக இருங்கள்.

அவசரத்தில்,
யுகா


ஜெலுத்தோங்
11.5.2025

யுகேந்திரனுக்கு,

வேலை கோலாலம்பூர்க்காரருக்குப் போய்விட்டது.

குணாளன் இதைப் போனில் சொல்லாமல் நேரில் வந்தான். லிப்ட் வேலை செய்யவில்லை, ஒன்பதாவது மாடிக்கு ஏறி வந்து மூச்சு வாங்க நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னான். அவன் மேல் கோபப்படாதே. அவன் உன்னைக் காட்டிக்கொடுக்க வரவில்லை. அழுதுவிடுவான் போல இருந்தான்.

அந்தப் பெண்மணி உன்னிடம் கேட்டிருக்கிறார்: உங்கள் அக்கா வேலையில் எப்படி? நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? நான் சொல்கிறேன். ஆங்கிலத்தில் நீ சொன்னதை நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "அக்காவா? ஏதோ சமாளிச்சுக்குவாங்க. பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. கொஞ்சம் கோவக்காரி, எனக்கே இன்னும் பயந்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தாயாம். குணாளனும் சிரித்தானாம். அவனுக்குப் புரிந்தது. அவன் நம்மவன். அக்காவை எவ்வளவு உசத்தியாகச் சொல்கிறான் பார் என்றுதான் அவன் காதில் விழுந்திருக்கிறது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. போனை வைத்ததும் குணாளனிடம், "கூடப் பிறந்தவரே இவ்வளவுதான் சொல்கிறார் என்றால், மற்றவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டாராம். அவன் மல்லுக்கட்டிப் பார்த்திருக்கிறான். எடுபடவில்லை. கோலாலம்பூர்க்காரரின் பழைய முதலாளி அவரை வானத்துக்குத் தூக்கி வைத்துப் பேசியிருக்கிறார்.

நம் வீட்டில் அப்படித்தான் பேசுவோம் என்று நீ சொல்லப் போகிறாய். எனக்குத் தெரியாதா? நானும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே. நான் பரீட்சையில் நல்ல புள்ளி வாங்கி வந்த அன்று பக்கத்து வீட்டு அக்கா வந்து பாராட்டியபோது, "ஏதோ எழுதியிருக்கா, அதிர்ஷ்டந்தான்" என்றார் அம்மா. மீன்கறி ருசி என்று விருந்தாளி சொன்னால் "உப்பு கூடிப்போச்சு" என்பார். நம் வீட்டு ஆளை நாமே புகழ்ந்தால் கண் பட்டுவிடும், அடுத்தவர் காறித் துப்புவார்கள். குறைத்துச் சொல்வதுதான் மரியாதை. அதெல்லாம் சரி. நீ அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன், அதனால் வாயில் வந்துவிட்டது என்று நானும் முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு உன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நீ மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த பாராட்டுகளை உட்கார்ந்து படித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை, எண்ணினால் இன்னும் கோபம் வரும். 'இவரைப் போன்ற ஒருவரோடு பணியாற்றியது என் பேறு' என்று யாரோ ஒருவருக்கு எழுதியிருக்கிறாய். அவர் உன் அலுவலகத்தில் மூன்று மாதம் இருந்தவர். இன்னொருத்தரை 'அரிய மனிதர்' என்கிறாய். அவரை நீ நேரில் பார்த்ததே இல்லை, கணினியில்தான் சந்தித்தோம் என்று நீயே கீழே எழுதியிருக்கிறாய்! ஒரு மாதப் பயிற்சிக்கு வந்த பெண்ணைக்கூட 'நாளைய தலைவி' ஆக்கிவிட்டாய். அந்த ஊராருக்கெல்லாம் கண் படாதா? அவர்களைப் புகழும்போது உன் வாய் கூசவில்லையே! நம் வீட்டுப் பழக்கத்தை நீ எப்போதோ விட்டுவிட்டாய், யுகேந்திரன். எனக்கு மட்டும் எடுத்து வைத்திருந்திருக்கிறாய்.

அதுவும் எப்படி? முதலில் ஒரு வார்த்தை சொல்லு என்று கேட்டேன். சொந்த அக்காவுக்குப் பரிந்து பேசினால் உன் மதிப்பு குறையும் என்றாய். சரி என்று விட்டுவிட்டேன். குவீன் ஸ்திரீட்டில் நானே நின்று கேட்டு, நானே விண்ணப்பம் போட்டு, நானே பேசி, வாசல் வரைக்கும் போய்விட்டேன். நீ செய்ய வேண்டியிருந்தது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட எனக்கு அந்த வேலை கிடைத்திருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். "அவன் என்னாடி தப்பா சொல்லிட்டான், நீ கோவக்காரிதானே?" என்கிறார். இந்த வீட்டில் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

மோகனா பிச்சைமுத்து


சிங்கப்பூர்
13.5.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நான் வேண்டுமென்று செய்யவில்லை என்பது உங்களுக்கே தெரியும். குணாளன் குரலைக் கேட்டதும் நம் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது. அவனோடு பேசுகிற மாதிரியே பேசிவிட்டேன். அந்த அம்மாளும் லைனில் இருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மற்றவர்களுக்கு எழுதுவது தொழில், அக்கா. இந்தத் துறையில் அப்படித்தான் எழுதுவார்கள், அவர்களும் எனக்கு எழுதுவார்கள். அதை நீங்கள் உங்களோடு ஒப்பிடக் கூடாது. அவர்களும் நீங்களும் ஒன்றா?

நடந்ததைச் சரி செய்கிறேன். அந்த மேலாளருக்கு நேராக எழுதுகிறேன். உங்கள் பக்கத்திலும் இன்றே ஒரு பாராட்டுரை போடுகிறேன். எழுதிவிட்டேன், பாருங்கள்:

'மோகனா பிச்சைமுத்து கொள்முதல் துறையில் நீண்ட அனுபவமும் ஆழ்ந்த அர்ப்பணிப்பும் கொண்டவர். இலக்கை நோக்கி அணியை வழிநடத்துவதில் வல்லவர். சவால்களை வாய்ப்புகளாக மாற்றும் ஆற்றல் மிக்கவர். அவரைப் பெறும் எந்த நிறுவனமும் பெருமை கொள்ளும்.'

வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், உடனே சேர்த்துவிடுகிறேன்.

உங்கள் தம்பி
யுகா


ஜெலுத்தோங்
14.5.2025

யுகேந்திரனுக்கு,

அதைப் போடாதே. அந்த அம்மாளுக்கும் எழுதாதே. ஆள் எடுத்தாகிவிட்டது. இப்போது எழுதினால் குணாளனுக்குத்தான் சங்கடம்.

உன் பாராட்டுரையைப் படித்தேன். என் பெயரை எடுத்துவிட்டு அந்தப் பயிற்சிப் பெண்ணின் பெயரைப் போட்டுப் படித்தேன். பொருந்துகிறது. இன்சூரன்ஸ்காரர் பெயரைப் போட்டேன். அவருக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. நான் எந்த அணியை வழிநடத்தினேன், யுகா? எங்கள் பிரிவில் இருந்ததே நானும் ரோஹானாவும் ஒரு குமாஸ்தாவும்தான்.

உன்னை ஒன்று கேட்கிறேன். ஊருக்குச் சொல்ல வேண்டாம், எனக்குச் சொல். இத்தனை வருடம் நான் என்ன வேலை செய்தேன்? காலையில் தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் போய் அங்கே என்னதான் செய்துகொண்டிருந்தேன்? எந்தச் சாமானை வாங்கினேன், யாரிடம் வாங்கினேன், அது வராமல் போனால் என்ன ஆகும்? எனக்கு எது கஷ்டமாக இருந்தது, எதில் நான் கெட்டிக்காரி?

உனக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் வேலையைப் பற்றிச் சொல்வாய், நானும் அம்மாவும் வாயைப் பார்த்துக்கொண்டிருப்போம். உன் மேலாளர் பெயர், உன் எதிரி பெயர், உன் நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். நீ ஒரு நாளாவது என்னைக் கேட்டிருக்கிறாயா? அந்த ஜெர்மன்காரி என்னைப் பார்த்துக் கேட்டதில் கால்வாசிகூட நீ கேட்டதில்லை.

அடக்கத்தால் நீ சொல்லாமல் விட்டிருந்தால் பரவாயில்லை, தம்பி. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று அவரிடம் சொன்னாயே, அதுதான் உண்மை. உன்னிடம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. நேற்று முழுக்க அதை நினைத்து நினைத்துத்தான் எனக்கு ஆற்றாமை.

பதில் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் எழுதாதே.

மோகனா


சிங்கப்பூர்
22.6.2025

அக்கா,

எனக்குத் தெரியவில்லை. பல தடவை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு போவீர்கள். சாப்பிடும்போது போன் வந்தால் தட்டை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்ச் சத்தம் போட்டுப் பேசுவீர்கள். எனக்கு இவ்வளவுதான் தெரியும். யாரோடு பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கோபக்காரி என்று சொல்லியிருக்கிறேன்.

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன், திட்டுங்கள்.

ரோஹானா அக்காவின் எண்ணை அம்மாவிடம் வாங்கிக் கூப்பிட்டேன். அவர் முதலில் என்னைக் கிழித்துத் தொங்கப் போட்டார். பிறகுதான் பேசினார். "ஒங்க அக்கா போன் அடிச்சா பெருநாள் அன்னைக்குக்கூட சப்ளையர் எடுப்பாரு தம்பி. வெள்ளம் வந்து சாமான் லோரி பாதையில நிக்கிறப்ப, மத்தவங்க மெயில் போட்டுட்டு ஒக்காந்திருப்பாங்க. அவங்க லோரிக்காரர் வரைக்கும் போன் போட்டுச் சத்தம் போட்டு, சாப்பிட்டீங்களான்னும் கேப்பாங்க. எங்க பேக்டரி லைன் ஒரு நாள் நின்னதில்ல. நீங்க என்னமோ மனுசங்களோட பழகுறது எப்படின்னு வகுப்பு எடுக்கிறீங்களாமே?" என்றார்.

இதையெல்லாம் எனக்குத் தெரிந்தது போல எங்கேயும் எழுத மாட்டேன். ரோஹானா அக்கா சொல்லித்தான் தெரியும். போன சனிக்கிழமை வகுப்பில் வழக்கமான பேச்சைப் பேச எனக்கு வாய் வரவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். உங்களுக்கு வேலை போனதே அந்தச் சப்ளையர்கள் யாருக்கும் தெரியாதாம், நீங்கள் யாரிடமும் சொல்லவில்லையாம். இதில் நான் ஆலோசனை ஒன்றும் சொல்லப் போவதில்லை. எனக்குப் புரியவில்லை, அதனால் கேட்கிறேன். ஏன் அக்கா சொல்லவில்லை?

யுகா


ஜெலுத்தோங்
28.9.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். முழுசாக ஆறவில்லை. இருந்தாலும், நீ என் வேலையைப் பற்றி முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் என் மேலும் தப்பு.

கொள்முதலில் இருக்கிறவள் விற்கிறவரிடம் கை நீட்டக் கூடாது. இது கம்பெனி விதி. எனக்கு அதற்கும் மேலே. தீபாவளிக்கு அவர்கள் அனுப்பும் முறுக்கு டின்னைக்கூட அடுத்த லோரியிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். அவர்களுக்கு வருத்தமாக இருக்கும், ரோஹானா தலையில் அடித்துக்கொள்வாள். அப்படி இருந்தவள், வேலை போனதும் அவர்கள் வாசலில் போய் நின்றால் என்ன நினைப்பார்கள்? இதற்காகத்தான் இவ்வளவு நாள் யோக்கியமாக இருந்தாளா என்று நினைக்க மாட்டார்களா? எனக்குக் கால் எழும்பவில்லை. ஹோட்டலில் முன்பின் தெரியாதவர்களிடம் அட்டை கொடுக்க முடிந்தது. தெரிந்தவரிடம் வாயைத் திறக்க முடியவில்லை. உன் வகுப்பில் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பாய், எனக்கு வேண்டாம்.

ரோஹானா என்னைக் கேட்கவில்லை. அவளாகவே, பிறை ஊரில் எங்கள் பழைய கம்பெனிக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சாதிக் பாயிடம் சொல்லிவிட்டாள். அன்றே அவர் எனக்குப் போன் போட்டுக் கத்தினார். "என்னாம்மா மோகனா, நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று. நானும் பதிலுக்குக் கத்தினேன். பதினைந்து நிமிடம் இரண்டு பேரும் சண்டை போட்ட பிறகு, வந்து அவருடைய கொள்முதலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து போகிறேன்.

சின்னக் கம்பெனி. பத்து காவான் மாதிரி பளபளப்பு எதுவும் இல்லை. அந்த வேலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, அதை மறைக்க மாட்டேன். அது எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை. ஆனால் காலையில் பெர்ரியில் நின்றுகொண்டு போகும்போது, எனக்காக ஒரு மேசை காத்திருக்கிறது என்று நினைக்க நன்றாக இருக்கிறது. மதியத் தூக்கம் போயே போய்விட்டது.

தீபாவளிக்கு அம்மா உன்னை எதிர்பார்க்கிறார். நான் எதிர்பார்க்கிறேனா என்று கேட்காதே.

இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. கணக்குப் பிரிவில் சுஹானா என்று ஒரு பெண். உன் பேச்சுகளை எல்லாம் விடாமல் கேட்கிறவள். வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று, "அக்கா, நீங்களும் பிச்சைமுத்து, அந்த யுகேந்திரனும் பிச்சைமுத்து. சொந்தமாக்கா?" என்று கேட்டாள். மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

'ஏதோ தம்பிதான், பேசிப் பொழச்சுக்கிட்டிருக்கான்' என்று என் வாய் நுனி வரைக்கும் வந்துவிட்டது. நம் வீட்டு வாய் அல்லவா? அதோடு எனக்குத் தீர்க்க வேண்டிய கணக்கும் இருந்தது. அதை விழுங்கிவிட்டேன்.

"என் தம்பி. ரொம்ப நல்லாப் பேசுவான். அவன் சொல்லிக் குடுத்து எத்தனையோ பேருக்கு வேலை கெடச்சிருக்கு" என்றேன். கூசத்தான் செய்தது, இருந்தாலும் சொன்னேன்.

அந்தப் பெண் விடவில்லை. "அப்ப இந்த வேலைக்கும் அவருதான் ஒரு வார்த்தை சொன்னாராக்கா?"

சாதிக் பாய் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். நடந்தது முழுக்க அவருக்குத் தெரியும். சோற்றைப் பிசைந்த கையோடு என்னையே பார்த்தார்.

"ஆமா, அவன்தான் சொன்னான்" என்றேன்.

அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். சுஹானா, "குடுத்து வச்சவங்க நீங்க" என்றாள். அதற்கும் தலையாட்டினேன்.

அக்கா